கரடிக் காட்டுக்கு எந்த ரிவால்வர்? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அலாஸ்காவுக்கோ மொன்டானாவுக்கோ கூடாரம் கட்டிக்கொண்டு போகத் திட்டமிடும் நம்மவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி: ".44 வாங்கவா, .357 போதுமா?" கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் பதில் தெரிந்துகொள்ள வேண்டிய கேள்விகள் இரண்டு மூன்று இருக்கின்றன. அதோடு, காலிபரை (குண்டின் ஏறக்குறைய விட்டம்; .44, .357 என்பதெல்லாம் அங்குலத்தில் சொல்லும் அந்த அளவுதான்) தீர்மானிப்பது கரடியின் எடை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதைத் தீர்மானிப்பது உங்கள் கை. நெஞ்சு படபடக்கும்போது, இரண்டு நொடிக்குள், இரண்டு மூன்று குண்டுகளைச் சாப்பாட்டுத் தட்டு அளவு இடத்தில் போட எந்தத் துப்பாக்கியால் உங்களுக்கு முடிகிறதோ, அதன் காலிபர்தான் உங்கள் காலிபர். இந்தக் கட்டுரை முழுக்க அதையே சுற்றி வரும்.

இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்காவுக்கு மட்டும். அங்கே வசிக்கிற, துப்பாக்கியே தொட்டிராத ஒருவரை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

1. உங்களுக்குத் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமை இருக்கிறதா?

இதைத் தாண்டிக் குதித்துவிட வேண்டாம். எச்-1பி, எச்-4, எஃப்-1, எல்-1 போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். கடையில் வாங்கினால்தான் குற்றம் என்றில்லை. சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும், நண்பருடைய ரிவால்வரை இடுப்பில் மாட்டிக்கொண்டு நடப்பதும் அதே கணக்குதான். இதற்கு முக்கியமான விலக்கு ஒன்று உண்டு. ஏதாவது ஒரு மாநிலம் முறைப்படி கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் இருந்தால் அந்தத் தடை பொருந்தாது. அப்படியும், துப்பாக்கி தொடர்பான குற்றம் குடியேற்ற நிலையையே காலி செய்யக்கூடியது, நாடு கடத்தலுக்கும் காரணமாகலாம். விசாவில் இருப்பவர்கள் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அடுத்த அடி வையுங்கள்.

கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் குடிமக்களுக்கும் இந்தத் தடை இல்லை. உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். நீங்கள் குடியிருக்கும் மாநிலத்தில்தான் கையில் வாங்க முடியும். டெக்சஸ்காரர் அலாஸ்காவில் ஒரு ரிவால்வருக்குப் பணம் கட்டலாம், ஆனால் அது டெக்சஸ் கடை ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் கைக்கு வரும். கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும், பின்னணிச் சரிபார்ப்பு நடக்கும். அந்தப் படிவத்தில் கஞ்சா பற்றிய கேள்வியும் உண்டு. உங்கள் மாநிலம் அதை அனுமதித்தாலும் கூட்டாட்சிச் சட்டம் அனுமதிக்கவில்லை, பொய் எழுதினால் அதுவே தனிக் குற்றம். கலிஃபோர்னியாவில் பாதுகாப்புத் தேர்வுச் சான்றும் 10 நாள் காத்திருப்பும் சேரும். நியூ ஜெர்சியில் ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் முன் அனுமதி வாங்க வேண்டும். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் யோசிக்க ஆரம்பித்தால் நடக்காது.

2. எந்த மிருகம், எந்த ஊர்?

கருங்கரடி வட அமெரிக்கா முழுவதும் பரவலாக இருக்கிறது. ஸ்மோக்கி மலைகளிலும் கலிஃபோர்னியாவிலும் நீங்கள் பார்ப்பது அதைத்தான். பெரும்பாலும் மனிதரைக் கண்டால் ஒதுங்கிப் போகும். கிரிஸ்லி எனப்படும் பழுப்புக் கரடியை அமெரிக்காவில் வயோமிங், மொன்டானா, ஐடஹோ பகுதிகளிலும் அலாஸ்காவிலும் காணலாம். அலாஸ்காவின் கோடியாக் தீவு ஆண் கரடிகள் 600 கிலோவையும் தாண்டும். மலைச் சிங்கம் (பூமா) மேற்கு மாநிலங்களில் உண்டு, எடை குறைவு, கைத்துப்பாக்கிக்கு அது கடினமான எதிரி இல்லை.

பலரும் மறந்துவிடுவது மூஸ் மான். அலாஸ்காவில் கரடிகளைவிட மூஸ்களால் காயப்படுகிறவர்கள் அதிகம். குட்டியோடு நிற்கும் தாய் மூஸ் காதைப் பின்னால் மடக்கி, பிடரி மயிரைச் சிலிர்த்துக்கொண்டு வந்தால், பெரிய மரம் ஒன்றின் பின்னால் ஓடுங்கள். கரடியிடமிருந்து ஓடக் கூடாது, மூஸிடமிருந்து ஓடலாம். துப்பாக்கியை உருவுவதைவிட மரத்தைச் சுற்றுவது பலன் தரும்.

கரடியின் வேகத்தை மட்டும் நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். மணிக்கு 55 கிலோமீட்டர் வரை ஓடும், அதாவது நொடிக்கு 15 மீட்டர். முப்பது மீட்டர் தள்ளிப் புதருக்குள்ளிருந்து கிளம்பினால் உங்களிடம் வந்து சேர இரண்டு நொடி. எந்தக் காலிபர் என்ற விவாதத்தை எல்லாம் இந்த இரண்டு நொடியோடு பொருத்திப் பார்க்க வேண்டும்.

3. முதலில் கரடி ஸ்பிரே

கரடியின் கண்ணையும் மூக்கையும் எரிய வைக்கும் மிளகாய்த் தெளிப்புதான் கரடி ஸ்பிரே. ரிவால்வர் பற்றிய கட்டுரையில் ஸ்பிரேயா என்று கேட்காதீர்கள். 2008-ல் டாம் ஸ்மித், ஸ்டீஃபன் ஹெரேரோ ஆகியோரின் குழு அலாஸ்காவில் ஸ்பிரே பயன்படுத்திய சம்பவங்களைத் தொகுத்து ஆராய்ந்தது. பழுப்புக் கரடியின் அச்சுறுத்தலை ஸ்பிரே நிறுத்தியது 92 சதவீதம், கருங்கரடியில் 90 சதவீதம். கரடி நெருங்கி வந்த சந்திப்புகளில் ஸ்பிரே வைத்திருந்தவர்களில் 98 சதவீதம் பேர் காயமின்றித் தப்பினார்கள். அதே ஆய்வாளர்கள் 2012-ல் துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டார்கள். 1883 முதல் 2009 வரை நடந்த 269 சம்பவங்கள். கைத்துப்பாக்கி 84 சதவீதமும் ரைஃபிள் போன்ற நீண்ட துப்பாக்கி 76 சதவீதமும் கரடியை நிறுத்தின. ஆனால் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் அதைச் சுட்டாலும் சுடாவிட்டாலும் காயப்பட்ட விகிதம் ஒன்றுதான் என்பதே அந்த ஆய்வின் முக்கியமான முடிவு.

இந்த இரண்டு ஆய்வுகளையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது சரியில்லை. ஸ்பிரே சம்பவங்களில் பல, ஆர்வத்தால் நெருங்கி வந்த கரடிகள். துப்பாக்கிச் சம்பவங்களில் பாய்ந்து வந்த கரடிகள் அதிகம். இருந்தாலும் புதியவருக்கு முடிவு தெளிவு: ஸ்பிரே முதலில், ரிவால்வர் அதற்குப் பக்கத்துணை. ஸ்பிரே மேகம்போல் விரியும், குறி பார்க்கத் தேவையில்லை, தவறி அடித்தால் தோழர் சாகமாட்டார். குறைந்தது 225 கிராம் டப்பா, 7.6 மீட்டராவது பாயக்கூடியது, அரசின் சுற்றுச்சூழல் முகமையின் பதிவு எண் உள்ளது என்று பார்த்து வாங்குங்கள். எதிர்க்காற்றில் உங்கள் கண்ணுக்கே வரும் என்பதும், யோசெமிட்டி தேசியப் பூங்காவில் கரடி ஸ்பிரேக்கே தடை என்பதும் தெரிந்திருக்கட்டும்.

4. சரி, காலிபருக்கு வருவோம்

கடையில் பேசப்படும் பெயர்கள் பத்துப் பன்னிரண்டு இருக்கும். புதியவர் தெரிந்துகொள்ள வேண்டியவை நான்கு வகை. தோட்டா என்றால் உறை, மருந்து எல்லாம் சேர்ந்த முழுப் பொருள்; குண்டு என்றால் அதிலிருந்து பறந்து போகும் உலோகம் மட்டும்.

.357 மேக்னம் 1935-ல் வந்தது. குண்டின் விட்டம் 9.1 மில்லிமீட்டர். வழக்கமான 158 கிரெயின் குண்டு, அதாவது சுமார் 10 கிராம், நொடிக்கு 380 மீட்டர் வேகத்தில் 740 ஜூல் ஆற்றலோடு புறப்படும். எஃகு ரிவால்வரில் உதைப்பு (சுடும்போது துப்பாக்கி கையைப் பின்னால் தள்ளுவது) தாங்கக்கூடியது. இதே துப்பாக்கியில் .38 ஸ்பெஷல் தோட்டாவும் போகும் என்பது பெரிய வசதி. மென்மையான, மலிவான .38-ல் கற்றுக்கொண்டு, பிறகு .357-க்கு ஏறலாம். கருங்கரடி, மலைச் சிங்கம் இருக்கும் ஊருக்கு இது போதும் என்று தயங்காமல் சொல்வேன்.

.44 மேக்னம் 1955-ல் வந்தது. பெயரில் .44 என்றாலும் குண்டு .429 அங்குலம், 10.9 மில்லிமீட்டர். 240 கிரெயின் குண்டு நொடிக்கு 410 மீட்டர், ஏறக்குறைய 1,300 ஜூல். பழுப்புக் கரடி ஊரில் நடமாடுகிற மீனவர்களும் வழிகாட்டிகளும் ரிவால்வர் என்றால் பெரும்பாலும் மனத்தில் வைத்திருப்பது இதைத்தான். ஒரே எடையுள்ள துப்பாக்கியில் இதன் உதைப்பு .357-ஐப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். இதிலும் ஒரு தம்பி உண்டு: .44 ஸ்பெஷல். இதே துப்பாக்கியில் போகும், மென்மையானது, பழகுவதற்கு அருமை.

.45 கோல்ட் 1873-லிருந்து இருக்கிறது. இதில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். அலமாரியில் கிடைக்கும் சாதாரண .45 கோல்ட் தோட்டா பழைய துப்பாக்கிகளை மனத்தில் வைத்து மென்மையாகச் செய்யப்படுகிறது. வலுவாக ஏற்றிய தோட்டாவும் கிடைக்கும், .44 மேக்னத்துக்குச் சமமாக நிற்கும். ஆனால் அதை ரூகர் நிறுவனத்தின் ரெட்ஹாக், பிளாக்ஹாக் போன்ற கனத்த துப்பாக்கிகளில்தான் சுடலாம். மெல்லிய பழைய சிலிண்டரில் (தோட்டாக்களை அடைக்கும் சுழல் உருளை) போட்டால் துப்பாக்கி வெடித்துவிடும். எதில் எது போகும் என்று தெரியாத நிலையில் இந்தக் காலிபரை விட்டுவிடுவது நல்லது.

.454 கசூல், .460, .500 ஸ்மித் அண்ட் வெசன் எல்லாம் வேறு உலகம். .454 சுமார் 2,450 ஜூல் தரும். 2003-ல் வந்த .500 மூவாயிரத்தையும் தாண்டும், .30-06 ரைஃபிளின் நாலாயிரத்தை எட்டிப் பார்க்கும். காகிதத்தில் பார்த்தால் கரடிக்கு இதுதான் என்று தோன்றும். முதல் குண்டு போனதும் குழல் வானத்தைப் பார்க்கும், அதைத் திரும்ப இறக்கிக் குறிவைக்க ஒரு நொடி ஆகும். உங்களிடம் இருந்ததே இரண்டு நொடிதான். வருடக்கணக்காகச் சுட்டுப் பழகியவர்களிடம் இவை பயனுள்ளவை. முதல் துப்பாக்கியாக வாங்கவே வேண்டாம். ஒருவேளை சுடுதளத்தில் ஒருமுறை சுட்டுப் பார்க்க ஆசைப்பட்டால், சிலிண்டரில் ஒரே ஒரு தோட்டா மட்டும் போட்டுச் சுடுங்கள். இந்தப் பெரிய காலிபர்களில் உதைப்பின் அதிர்ச்சியில் விரல் தானாக மறுபடி விசையை அழுத்தி, குழல் மேல்நோக்கி நிற்கும்போதே இரண்டாவது குண்டு வெடிப்பது உண்டு.

இதை வைத்து என் பரிந்துரை: முழுக்கப் புதியவர் என்றால் .357-ல் தொடங்குங்கள். அலாஸ்கா, யெல்லோஸ்டோன் சுற்றுப்புறம் போன்ற பழுப்புக் கரடி ஊர்களுக்கு அடிக்கடி போவீர்கள், மாதாமாதம் பயிற்சி செய்ய நேரமும் உண்டு என்றால் .44 மேக்னம். ஆனால் அதில் கடையின் மிகக் கடுமையான தோட்டாவைத் தேடாமல், நடுத்தர வேகம் உள்ளதை எடுங்கள். .44-ல் ஒன்றைச் சுட்டு மூன்றைத் தவறவிடுபவரைவிட, .357-ல் மூன்றையும் சரியாக வைப்பவர் பாதுகாப்பானவர். 2016-ல் அலாஸ்காவில் மிக அனுபவமுள்ள வழிகாட்டி ஒருவர் பாய்ந்து வந்த பழுப்புக் கரடியை 9 மில்லிமீட்டர் பிஸ்டலால் (சிலிண்டர் இல்லாத, .357-ஐவிடச் சக்தி குறைந்த கைத்துப்பாக்கி) நிறுத்தினார். 9 மில்லிமீட்டர் போதும் என்பதற்கு அது சான்று ஆகாது. கடினமான குண்டும் பதறாத கையும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குத்தான் சான்று.

ஒப்பீட்டுக்காகச் சொல்கிறேன்: அமெரிக்க வனச் சேவை 1983-ல் அலாஸ்காவில் பணிபுரிகிறவர்களுக்காகச் செய்த சோதனையில் முன்னணியில் நின்றவை பெரிய ரைஃபிள்கள்தான். ரிவால்வரின் பலம் அதன் சக்தியில் இல்லை. இரண்டு கையாலும் மீன் பிடித்துக்கொண்டிருக்கும்போதும் அது உடம்போடு இருக்கும், ரைஃபிள் கரையில் மரத்தில் சாய்ந்திருக்கும்.

5. காலிபரைவிடக் குண்டு முக்கியம்

மனிதரிடமிருந்து தற்காத்துக்கொள்ள விற்கப்படும் தோட்டாக்கள் பெரும்பாலும் ஹாலோ பாயின்ட். முனையில் குழி இருக்கும், உடம்புக்குள் போனதும் பூப்போல விரிந்து சீக்கிரம் நின்றுவிடும். கரடிக்கு இது எதிர்மறை. அடர்ந்த மயிர், அதன் கீழே கொழுப்பு, கனத்த தசை, தோள் எலும்பு, இத்தனையையும் தாண்டினால்தான் நுரையீரலோ முதுகெலும்போ எட்டும். தேவை ஆழம்.

அதனால் ஹார்டு காஸ்ட் எனப்படும், கடினமாக்கிய ஈய உலோகக் கலவையில் வார்த்த, தட்டையான அகன்ற முனையுள்ள குண்டைக் கேளுங்கள். விரியாது, நேராக உள்ளே போகும். முழுச் செம்பில் செய்த, விரியாத வகைகளும் நல்லவை. .357-ல் 180 கிரெயின் அல்லது அதற்கு மேல், .44-ல் 240 முதல் 305 கிரெயின் வரை. கடையில் "கரடிக்கு" என்று பெட்டியில் படம் போட்டிருப்பதைப் பார்த்து வாங்காமல், குண்டின் வகையைப் படித்து வாங்குங்கள்.

6. துப்பாக்கி

டபுள் ஆக்‌ஷன் ரிவால்வர்தான் வாங்க வேண்டும். விசையை இழுத்தால் அதுவே சுத்தியைப் பின்னுக்கு இழுத்து விடுவிக்கும். கௌபாய் காலத்துச் சிங்கிள் ஆக்‌ஷனில் ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் சுத்தியை இழுக்க வேண்டும். அழகான துப்பாக்கிகள்தான், கரடி மேலே விழும் நேரத்துக்கு ஏற்றவை அல்ல.

எடையில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். மலை ஏறுகிறவருக்கு இலேசான துப்பாக்கி மேல் ஆசை வருவது இயல்பு. ஸ்மித் அண்ட் வெசன் 329 பிடி மாடல் .44 மேக்னம் சுமார் 700 கிராம்தான். சுமக்கச் சுகம், சுடும்போது உள்ளங்கை எரியும், பயிற்சியே செய்ய மனம் வராது. அதே நிறுவனத்தின் 629 எஃகு மாடல் நான்கு அங்குலக் குழலோடு 1.2 கிலோ அளவு, ரூகர் ரெட்ஹாக் 1.3 கிலோ. .357-ல் ரூகர் ஜிபி100 ஏறக்குறைய 1.1 கிலோ. இந்த எடை உதைப்பைத் தின்னும். நான்கு அங்குலக் குழல் என் தேர்வு. இரண்டரை அங்குலத்தில் வேகம் குறையும், வெளிச்சமும் சத்தமும் கூடும். ஆறு அங்குலம் உறையிலிருந்து உருவத் தாமதமாகும். அலாஸ்காவின் தென்கிழக்கில் மழை விடாது, கடல் காற்றும் சேரும், துருப்பிடிக்காத எஃகையே எடுங்கள்.

இலேசான துப்பாக்கியிலும் கடுமையான தோட்டாவிலும் இன்னொரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. உதைப்பின்போது, சிலிண்டரில் காத்திருக்கும் தோட்டாக்களின் குண்டுகள் தோட்டாவின் உறையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நழுவும். போதுமான அளவு நழுவினால் முனை வெளியே நீட்டி, சிலிண்டர் சுற்றாமல் சிக்கிக்கொள்ளும். இதைச் சோதிப்பது எளிது. சிலிண்டரை நிரப்புங்கள், ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றைச் சுடுங்கள், மிஞ்சியதை வெளியே எடுத்துப் பெட்டியிலுள்ள புதுத் தோட்டாவுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். உயரம் கூடியிருந்தால் அந்தத் தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு ஆகாது. இதைச் செய்யாமல் எந்தத் தோட்டாவையும் காட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி உண்டு, சுடும்போது அங்கிருந்து கொதிக்கும் வாயு பக்கவாட்டில் பீறிடும். பிஸ்டல் பிடிப்பதுபோல் இடது கட்டைவிரலை முன்னால் நீட்டிப் பிடித்தால் விரல் கிழியும், .460, .500-ல் விரலே போகலாம். இரண்டு கட்டைவிரலும் சிலிண்டருக்குப் பின்னால்தான்.

7. எங்கே மாட்டுவது?

முதுகுப்பையின் இடுப்புப் பட்டை இடுப்பு உறையை மூடிவிடும். பைக்குள் வைத்த துப்பாக்கி இல்லாத துப்பாக்கிதான். மார்பின் குறுக்கே கட்டும் உறை சிறந்தது. பை மாட்டினாலும் கழற்றினாலும், ஆற்றில் இடுப்பளவு நீரில் நின்றாலும் கை எட்டும் இடத்தில் இருக்கும். ஸ்பிரே இடது பக்கம், ரிவால்வர் வலது கைக்கு என்று நிரந்தரமாக ஒரே இடம் வைத்து, மாற்றாதீர்கள். உறை விசையை முழுக்க மூட வேண்டும். கையுறை போட்டபடி உருவிப் பாருங்கள். தடித்த கையுறை விசைக் காப்பு வளையத்துக்குள் நுழையாமல் நிற்பது வீட்டில் தெரிய வேண்டுமே தவிரக் காட்டில் தெரியக் கூடாது.

8. பயிற்சி

முதலில் ஒரு தகுதியுள்ள பயிற்றுநரிடம் ஒரு நாள் வகுப்பு. எந்தத் துப்பாக்கியையும் நிரம்பியதாகவே கருதுவது, சுட விரும்பாத எதையும் நோக்கிக் குழலைத் திருப்பாதது, குறி பார்க்கும்வரை விசையில் விரல் வைக்காதது, இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது. இந்த நான்கும் உங்களுக்கு மூச்சு விடுவதுபோல ஆகும்வரை மேக்னம் தோட்டாவைத் தொட வேண்டாம். .357-ம் .44-ம் 160 டெசிபலைத் தாண்டும். காதுக்குள் நுரை அடைப்பானும் மேலே காது உறையும் என இரட்டைக் காப்பு போடுங்கள், கண்ணாடியும் கட்டாயம்.

அப்புறம் வாடகைத் துப்பாக்கி உள்ள சுடுதளத்துக்குப் போய், .38, .357, .44 ஸ்பெஷல், .44 மேக்னம் என்று வரிசையாக, ஒவ்வொன்றிலும் ஒரு சிலிண்டர் மட்டும் சுடுங்கள். ஐந்து மீட்டரில் தட்டு ஒன்று. டபுள் ஆக்‌ஷனில், வேகமாக. தட்டைத் தாண்டிக் குண்டு சிதறத் தொடங்கும் காலிபர் எதுவோ, அதற்கு ஒரு படி கீழே நில்லுங்கள். வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்தால் பணமும் மிஞ்சும், ஏமாற்றமும் மிஞ்சாது.

அடுத்தது பதற்றத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை. நண்பர் ஒருவர் உங்கள் கண்ணில் படாமல் சிலிண்டரில் நல்ல தோட்டாக்களோடு சுட்ட வெற்று உறைகளையும் கலந்து அடைத்துக் கொடுக்கட்டும். வெற்று உறை வரும்போது சத்தம் இருக்காது, 'டக்' என்று மட்டும் கேட்கும். அந்த நொடியில் குழல் முனை கீழே குத்துகிறதா என்று பாருங்கள். குத்தினால், உதைப்பை எதிர்பார்த்து நீங்களே துப்பாக்கியைத் தள்ளுகிறீர்கள். பெரும்பாலான புதியவர்களுக்குக் குத்தும். வெட்கப்பட ஒன்றுமில்லை, மென்மையான தோட்டாவுக்கு இறங்கி, குத்தாத வரை அங்கேயே இருங்கள்.

கரடி நேராக வரும்போது தலை தாழ்ந்து ஆடிக்கொண்டே இருக்கும், மண்டை ஓடு சரிவானது. மோவாய்க்குக் கீழே, நெஞ்சின் நடுவில் வையுங்கள். பக்கவாட்டில் நின்றால் தோள்பட்டை. ஒரு குண்டு போதும் என்று நம்பிப் பார்த்துக்கொண்டு நிற்காமல், அது நிற்கும்வரை சுடுங்கள். எச்சரிக்கைக் குண்டு வேண்டாம், சிலிண்டரில் இருப்பதே ஐந்தோ ஆறோதான். அதே நேரத்தில், பாய்ந்து வரும் கரடிகள் பல சில மீட்டர் முன்னால் நின்று திரும்பிவிடும் என்பதும் உண்மை. அதற்காகவும்தான் ஸ்பிரே முதலில்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால், துப்பாக்கி வாங்கும் அன்றே பூட்டுப் பெட்டியும் வாங்குங்கள். ஆபத்தான கரடியை உங்கள் குடும்பம் வாழ்நாளில் பார்க்காமலே போகலாம், அலமாரியில் இருக்கும் துப்பாக்கி தினமும் வீட்டில் இருக்கிறது.

9. பயணம்

உள்நாட்டு விமானத்தில் ரிவால்வரைச் சோதனைப் பெட்டியில் (செக்-இன் பெட்டி) அனுப்பலாம். தோட்டா இறக்கியிருக்க வேண்டும், பூட்டிய கெட்டியான பெட்டி வேண்டும், கவுன்டரில் சொல்ல வேண்டும். தோட்டாவுக்குப் பெரும்பாலான விமான நிறுவனங்கள் 5 கிலோ வரை விடும். கரடி ஸ்பிரேயைக் கைப்பையிலும் சோதனைப் பெட்டியிலும் எடுத்துப் போக முடியாது. அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் இறங்கி வாங்கிக்கொள்ளுங்கள். அங்கிருந்து சின்ன விமானத்தில் உள்ளே போவதாக இருந்தால் ஸ்பிரே இருப்பதை விமானியிடம் சொல்லுங்கள், தண்ணீரில் இறங்கும் விமானமாக இருந்தால் அதன் அடியில் உள்ள மிதவைக்குள் வைத்து எடுத்து வருவார். அது கேபினுக்குள் உடைந்தால் விமானியின் கண் போய்விடும்.

காரில் கனடா வழியாக அலாஸ்கா நெடுஞ்சாலையில் போகத் திட்டமா? ரிவால்வர் கூடாது. கனடா 2022 அக்டோபரில் கைத்துப்பாக்கிகளை முடக்கிவிட்டது, எல்லையில் பிடிபட்டால் பயணம் அங்கேயே முடியும்.

அலாஸ்காவில் 21 வயதானவருக்குத் துப்பாக்கியை மறைத்துச் சுமக்கத் தனி அனுமதி வேண்டாம். ஆனால் காவலர் உங்களை நிறுத்தினால், மறைத்து வைத்திருப்பதை உடனே சொல்ல வேண்டும். 2010 பிப்ரவரியிலிருந்து தேசியப் பூங்காக்களில் அந்தந்த மாநிலச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கலாம். பார்வையாளர் மையம் போன்ற அரசுக் கட்டடங்களுக்குள் கூடாது. வைத்திருக்க அனுமதி என்பது சுட அனுமதி ஆகாது, பெரும்பாலான பூங்காக்களில் சுடுவது தடைதான்.

10. சுட்டுவிட்டீர்கள், அடுத்து?

முதலில் நீங்களும் தோழர்களும் பாதுகாப்பான தூரத்துக்கு நகருங்கள். விழுந்த கரடி செத்துவிட்டது என்று நம்பிப் பக்கத்தில் போக வேண்டாம். காயம்பட்டுப் புதருக்குள் போயிருந்தால் பின்தொடரவும் வேண்டாம், அதிகாரிகளைக் கூப்பிடுங்கள்.

அலாஸ்காவில் உயிரையோ உடைமையையோ காக்கக் கரடியைக் கொல்லச் சட்டம் இடம் தருகிறது. நிபந்தனை உண்டு: நீங்கள் அதைச் சீண்டியிருக்கக் கூடாது, சாப்பாட்டையோ குப்பையையோ அலட்சியமாக வைத்து வரவழைத்திருக்கக் கூடாது, வேறு எல்லா வழியையும் முயன்றிருக்க வேண்டும். கரடி செத்தால் அது உங்களுடையது அல்ல, மாநிலத்துடையது. நகங்களோடு தோலை உரித்து, மண்டை ஓட்டையும் எடுத்து மீன் மற்றும் வனவிலங்குத் துறையிடம் ஒப்படைக்க வேண்டும், 15 நாளுக்குள் எழுத்து அறிக்கையும் தர வேண்டும். மொன்டானா, வயோமிங் பக்கத்து கிரிஸ்லி 1975-ல் கூட்டாட்சிப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தற்காப்புக்காகச் சுட்டாலும் விசாரணை வரும், நடந்ததை உடனே தெரிவிக்க வேண்டும். கரடி விழுந்த இடம், நீங்கள் நின்ற இடம், நடுவே உள்ள தூரம், ஸ்பிரே டப்பா கிடக்கும் இடம் எல்லாவற்றையும் நகர்த்துவதற்கு முன்னால் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பையில் கூர்மையான கத்தி ஒன்றும் செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றும் இருக்கட்டும். பழுப்புக் கரடி ஊர்களில் பெரும்பாலான இடங்களில் கைப்பேசிக்குச் சிக்னல் இருக்காது.